மூன்று லட்சணங்களும் ஒரு நிர்ணயமும்

மலேரியாக் காய்ச்சலோ என்று சந்தேகம் தோன்றினால் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். காச நோயோ என்று ஐயம் எழுந்தால் கோழையில் அதன் கிருமியைத் தேடுகிறார்கள். கிருமி கண்ணில் பட்ட மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த ஒரு சொட்டு இரத்தத்திலும், எந்த ஒரு படத்திலும் தன்னை முழுதும் காட்டிக்கொள்ளாமல், பல லட்சணங்கள் ஒருங்கே கூடியிருப்பதைக் கொண்டே அறியவேண்டிய கோளாறுகளும் சரீரத்தில் உண்டு. வைத்திய சாஸ்திரம் அவற்றைச் ‘சிண்ட்ரோம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. நம் வீடுகளில் ‘நீர்க்கட்டி’ என்றும், ஸ்கேன் எடுக்கும் இடங்களில் ‘பி.சி.ஓ.டி.’ என்றும், வைத்திய நூல்களில் ‘பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்’, சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். என்றும் வழங்குவது அத்தகைய ஒன்று. ஒரு பெண்ணுக்கு அது இருக்கிறதா இல்லையா என்பதை எவ்விதம் நிர்ணயிக்கிறார்கள், அந்த நிர்ணயம் ஏன் இத்தனை சிரமமாயிருக்கிறது என்பவற்றை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது அபூர்வமான வியாதி அன்று. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு ஆறு முதல் பதின்மூன்று பேர் வரை இதற்கு ஆளாகியிருப்பதாகவும், அவர்களுள் 70 சதவிகிதம் வரையில் தமக்கு இன்னதென்றே அறியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அறிந்தவர்களும் எளிதில் அறிந்தவர்கள் அல்லர். பல நாடுகளைச் சேர்ந்த 1,385 பெண்களிடம் விவரம் கேட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினர் நிர்ணயத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்ததாகவும், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பார்த்த பிறகே விடை பெற்றதாகவும் தெரிவித்தார்கள். மாதவிலக்கு தள்ளிப்போவதற்காக ஒருவரிடமும், முகப்பருவுக்காக இன்னொருவரிடமும், உடல் எடைக்காக மற்றொருவரிடமும் போகிற பெண்ணின் லட்சணங்கள் யாவும் ஒரே மேஜையின் மீது சேர்ந்து வைக்கப்படாத வரையில் அவற்றுக்கிடையே உள்ள உறவு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

அந்த உறவை விளங்கிக்கொள்ள, மாதந்தோறும் இயல்பாக நடக்கும் காரியத்தை முதலில் அறியவேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் அமைந்திருக்கின்றன; ஒவ்வொன்றும் ‘ஃபாலிக்கிள்’ எனப்படும் நுண்ணிய பைக்குள் உறங்குகிறது. ஆயுட்காலம் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ நானூறுதான். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவற்றுள் எல்.எச். ஃபாலிக்கிளின் வெளிச்சுவரைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற வகை ஹார்மோன்களை உண்டாக்குகிறது, எஃப்.எஸ்.எச். உட்சுவரைத் தூண்டி அந்த ஆண்ட்ரோஜனையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றச் செய்கிறது. ஆண்களுக்குரியதென்று நாம் நினைக்கும் ஹார்மோன், பெண்ணின் சரீரத்தில் அவளுக்குரிய ஹார்மோனின் மூலப்பொருளாகவே எப்போதும் உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு கூட்டமாக வளரத் தொடங்கும் ஃபாலிக்கிள்களுள் ஒன்று மாத்திரம் முந்திக்கொண்டு, சுமார் 20 மில்லிமீட்டர் விட்டம் வரை பருத்து, வெடித்து, கருமுட்டையை வெளியே விடுகிறது. வெடித்த இடத்தில் எஞ்சிய திசு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, கர்ப்பப்பையின் உட்புறச் சவ்வைக் கருவுக்கு ஏற்றதாகப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காதபோது ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அந்தத் திசு வாடிவிட, சவ்வு உதிர்ந்து விலக்காக வெளியேறுகிறது. ஆகவே விலக்கு கிரமமாக வருவதென்பது, மூளையும் சினைப்பையும் கர்ப்பப்பையும் ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்கின்றன என்பதற்கு வெளியே தெரியும் சாட்சி.

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணிடம் இந்த இசைவு குலைகிறது. எல்.எச். இயல்புக்கு மீறி அடிக்கடி சுரக்கிறது. அதனால் வெளிச்சுவர் அதிகமான ஆண்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. உட்சுவருக்கோ அதைப் போதிய அளவு மாற்றும் சக்தி கிடைப்பதில்லை. விதைத்த விதையெல்லாம் முளைத்தும், பறித்து நடும் பருவத்தை எட்டாமல் சாண் உயரத்திலேயே நின்றுவிட்ட நாற்றங்காலைப்போல, பல ஃபாலிக்கிள்கள் இரண்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் அளவிலேயே வளர்ச்சி தடைப்பட்டு நிற்கின்றன. ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டிகள்’ இவையே. இவை புதிதாய் முளைத்த கட்டிகள் அல்ல, அறுத்தெடுக்க வேண்டியவையும் அல்ல, புற்றாக மாறக்கூடியவையும் அல்ல. தம் காலத்தில் முதிரத் தவறிய இயல்பான பைகள். வயிற்றில் ஏதோ கட்டி வளர்வதாக எண்ணி இரவெல்லாம் உறங்காத தாய்மாருக்கும் பெண்களுக்கும் இந்த ஒரு செய்தியை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை.

இக்கோளாற்றில் சினைப்பையோடு சேர்ந்து வினைபுரியும் மற்றொரு பொருள் இன்சுலின். நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவது அதன் பிரதான வேலை. இக்கோளாறுள்ள பலருக்கு அந்த வேலையைத் தசைகள் சரிவர ஏற்றுக்கொள்வதில்லை. அதை ஈடுசெய்யக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன அந்த இன்சுலின் சினைப்பைக்குச் சென்று எல்.எச்.சுடன் சேர்ந்து ஆண்ட்ரோஜன் உற்பத்தியைப் பெருக்குவதோடு, இரத்தத்தில் ஆண்ட்ரோஜனைக் கட்டிவைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. கட்டுண்டிராத ஆண்ட்ரோஜன் தோலையும் மயிர்க்கால்களையும் அடைந்து, முகப்பருவாகவும், மேலுதட்டிலும் மோவாயிலும் கரடுமுரடான ரோமமாகவும், உச்சந்தலையில் முடி மெலிவதாகவும் வெளிப்படுகிறது. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுப்போல் தடித்துக் கறுத்துவிடும் தோலும் இன்சுலின் மிகுதியின் அடையாளமே. அழுக்கென்று நினைத்து அதைத் தேங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்களை நாம் காணாமலில்லை.

மனிதர் இதைக் கண்டறிந்த சரித்திரமும் கருதத்தக்கது. 1721-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியரான அந்தோனியோ வல்லிஸ்நேரி, பிள்ளைப்பேறு இல்லாத ஒரு கிராமத்து இளம்பெண்ணின் சினைப்பைகள் பெரிதாகவும், வெண்மையாகவும், பளபளப்பாகவும், புறாமுட்டையின் அளவிலும் இருந்ததைக் குறித்து வைத்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1935-இல், சிகாகோ நகரில் மகப்பேற்று வைத்தியர்களாக இருந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் என்ற இருவர், விலக்கு நின்றுபோயிருந்த ஏழு பெண்களின் வரலாற்றை ஒன்றாகத் திரட்டி எழுதினார்கள். வயிற்றைத் திறந்து, பருத்திருந்த சினைப்பைகளின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தபோது ஏழு பேருக்கும் விலக்கு திரும்பிற்று, இருவர் கருவுற்றார்கள். கண்ணால் கண்டது சினைப்பை, கத்தியால் தொட்டதும் சினைப்பை. ஆகவே வியாதியின் இருப்பிடம் சினைப்பைதான் என்ற அபிப்பிராயம் உலகெங்கும் வேரூன்றியது.

இந்த அபிப்பிராயம் தளர நெடுங்காலம் ஆயிற்று. இரத்தத்தில் ஹார்மோன்களை அளக்கும் முறைகள் வந்த பிறகே எல்.எச்., ஆண்ட்ரோஜன் ஆகியவற்றின் பங்கு வெளிப்பட்டது. இப்பெண்களிடம் ஆண்ட்ரோஜன் உயர்வதும் இன்சுலின் உயர்வதும் சேர்ந்தே நிகழ்கின்றன என்பது 1980-இல் எடுத்துக்காட்டப்பட்டது. மறுபுறம், அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பரவியபோது, எவ்விதத் தொல்லையும் இல்லாமல் கிரமமாக விலக்காகிவரும் பெண்கள் பலரின் சினைப்பைகளிலும் அதே சிறு பைகள் நிறையக் காணப்பட்டன. பைகள் இருந்தும் நோயில்லாதவர்கள் உண்டு, நோயிருந்தும் பைகள் அதிகமில்லாதவர்கள் உண்டு என்ற உண்மை நிலைபெற்றவுடன், நோயை எதைக் கொண்டு வரையறுப்பது என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டன. 1990-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கூடிய அறிஞர்கள், ஆண்ட்ரோஜன் மிகுதியும் கருமுட்டை வெளிவராமையும் ஆகிய இரண்டும் இருந்தே தீரவேண்டும் என்றார்கள். ஸ்கேனை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடியவர்கள், விலக்குக் கிரமக்கேடு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் காணும் பல ஃபாலிக்கிள்கள் ஆகிய மூன்று லட்சணங்களில் எவையேனும் இரண்டு இருந்தால் போதும் என்று வகுத்தார்கள். 2006-இல் மற்றொரு சங்கத்தார், ஆண்ட்ரோஜன் மிகுதி கட்டாயம் இருக்கவேண்டும், அதனுடன் மற்ற இரண்டில் ஒன்று சேரவேண்டும் என்று இடைவழியைக் கூறினார்கள். இவற்றுள் ராட்டர்டாம் விதியே, 2018-இலும் 2023-இலும் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகளில் மேலும் திருத்தம் பெற்று, இன்று பெரும்பாலோர் கைக்கொள்வதாக இருக்கிறது.

விதி மாறினால் எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு சான்று கிடைத்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பதினெட்டு முதல் நாற்பது வயது வரையுள்ள ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, 1990-ஆம் ஆண்டின் விதியால் அளந்தால் இக்கோளாறு 7.2 சதவிகிதம், 2006-இன் விதியால் 13.6 சதவிகிதம்; ராட்டர்டாம் விதியால் 19.6 சதவிகிதம். பெண்கள் அவர்களே, சரீரங்கள் அவையே, அளவுகோல் மாத்திரம் வேறு. ஒரு வைத்தியர் உண்டென்றும் மற்றொருவர் இல்லையென்றும் சொல்லும்போது நோயாளி திகைத்துப்போவது இயல்புதான். ஆயினும் அவர்களில் ஒருவர் அறியாதவர் என்று உடனே முடிவு கட்டிவிடுவது நியாயமாகாது. எந்த இரண்டு லட்சணங்களைக் கொண்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அமைதியாகக் கேட்பதே பிரயோஜனமுள்ள காரியம்.

மூன்று லட்சணங்களையும் இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது விலக்கின் கிரமம். இதை அளப்பதற்கு யந்திரம் வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரும் ஒரு பென்சிலும் போதும். உதிரப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாளுக்கு முந்திய நாள் வரை எண்ணுவதே ஒரு சுழற்சி. உதாரணமாக, ஜனவரி 4-ஆம் தேதி விலக்காகி, பிப்ரவரி 19-ஆம் தேதி மறுபடியும் விலக்கானால் அந்தச் சுழற்சி 46 நாள். வளர்ந்த பெண்ணுக்குச் சுழற்சி 21 நாளுக்குக் குறைந்தாலும், 35 நாளுக்கு மேற்பட்டாலும், ஓராண்டில் எட்டு முறைக்குக் குறைவாக விலக்கானாலும் அது கிரமக்கேடு என்று கொள்ளப்படும். ‘கொஞ்சம் முன்னேபின்னே வரும், டாக்டர்’ என்று சொல்லி நிறுத்திவிடும் பெண்ணுக்கும், பன்னிரண்டு மாதத்துத் தேதிகளைத் தாளில் எழுதி நீட்டும் பெண்ணுக்கும் கிடைக்கும் வைத்தியத்தில் பெருத்த வேற்றுமை இருக்கும். கிரமமாக வருகிற விலக்கும் சில சமயம் ஏமாற்றக்கூடும். அத்தகைய சந்தேகம் இருந்தால் அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகப் புரோஜெஸ்டிரோனை அளந்து கருமுட்டை வெளிவந்ததா என்று அறிகிறார்கள்.

புதிதாகப் பருவமெய்திய பெண்களின் கணக்கு வேறு. முதல் ஓராண்டில் விலக்கு தாறுமாறாக வருவது இயற்கை. ஓராண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு வரை 45 நாள் வரையில் தள்ளிப்போகலாம். அதற்குமேல் போனாலோ, ஒரு சுழற்சியாவது 90 நாளைத் தாண்டினாலோ, பதினைந்து வயதாகியும் பெண் ருதுவாகாமலே இருந்தாலோதான் விசாரிக்கவேண்டும். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே பெரியவர்களின் விதி பொருந்தும். இதனால் ‘எப்போது வயதுக்கு வந்தாய்’ என்பது வைத்தியர் கேட்கவேண்டிய கேள்விகளில் தலையாயதாகிறது. தமிழர் இல்லங்களில் இதற்கு விடை தேடவேண்டியதே இல்லை. பெண் ருதுவான நாளையும் நேரத்தையும் குறித்து, ருது ஜாதகம் கணித்து, உற்றார் உறவினரை அழைத்து மஞ்சள் நீராட்டும் நடத்துகிற குடும்பங்கள் நம்மிடையே இன்னும் பல. முதல் தேதியை நாழிகைக் கணக்காக எழுதி வைக்கும் அதே குடும்பம், அதன்பின் வரும் தேதிகளில் ஒன்றையேனும் குறிக்காமல், அவற்றைப் பற்றிப் பேசுவதையே கூச்சமாகக் கருதிவிடுகிறது. அந்த முதல் குறிப்புக்குக் காட்டிய சிரத்தையில் சிறிதளவை ஒவ்வொரு மாதமும் காட்டினால், பல பெண்களின் நிர்ணயம் ஆண்டுக்கணக்கில் முன்னேறிவிடும்.

இரண்டாவது லட்சணம் ஆண்ட்ரோஜன் மிகுதி. இது உடம்பில் தெரியலாம், அல்லது இரத்தத்தில் தெரியலாம். இரண்டில் ஒன்று போதும். உடம்பில் தெரிவதை அளக்க, ஃபெரிமன், கால்வே என்பவர்கள் 1961-இல் வகுத்த அட்டவணையைத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். மேலுதடு, மோவாய், மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேற்கை, தொடை, முதுகின் மேற்பாகம், கீழ்ப்பாகம் ஆகிய ஒன்பது இடங்களிலும் கறுத்துத் தடித்த ரோமத்துக்குச் சுன்னம் முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் நான்கு முதல் ஆறு வரையிலோ அதற்கு மேலோ இருந்தால், அவரவர் இனத்தின் இயல்பையும் கருதி, மிகுதி என்பார்கள். சிறு வயது முதல் மஞ்சள் பூசிக் குளித்தும், பார்லருக்குப் போய்த் த்ரெட்டிங் செய்தும் வருகிற பெண்ணின் முகத்தில் வைத்தியர் கண்ணுக்கு ஒன்றும் தென்படாமல் போகலாம்; ஆகையால் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரோமத்தை நீக்குகிறாள் என்பதை அவளே எடுத்துச் சொல்லவேண்டும். வெட்கத்தால் அதை மறைத்துவிட்டால் மதிப்பெண் குறைந்து நிர்ணயம் தவறிவிடும்.

இரத்தத்தில் அளப்பதற்கும் சில நுட்பங்கள் உண்டு. பெண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிக மிகச் சொற்பம். ஆண்களின் உயர்ந்த அளவுகளுக்கென்று அமைந்த சாதாரணப் பரிசோதனை முறைகள் அந்தச் சொற்பத்தைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. நிறை நிறமாலைமானி கொண்டு அளக்கும் முறை இதைவிட நம்பத்தக்கது. மொத்த அளவோடு, புரதத்தில் கட்டுண்டிராத டெஸ்டோஸ்டிரோனையும் கணக்கிட வேண்டும். ஏனெனில் மொத்தம் இயல்பாக இருந்தும் கட்டுண்டிராத பகுதி மிகுந்திருக்கலாம். விலக்கை ஒழுங்குபடுத்துவதற்காகக் கருத்தடை மாத்திரை உட்கொண்டுவரும் பெண்ணின் இரத்தத்தில் இந்த அளவுகள் யாவும் மாறிவிடும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது கழிந்த பிறகே அளக்கவேண்டும் என்பது நெறி. நிறுத்துவதும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே நடக்கவேண்டியது. முதல் நாளிலேயே மாத்திரை எழுதிக் கொடுத்து, பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் வழக்கம் இந்தக் காரணத்தாலேயே ஆட்சேபத்துக்குரியதாகிறது.

மூன்றாவது லட்சணத்தைத்தான் ஜனங்கள் முதலாவதாகக் கருதுகிறார்கள்: அதாவது ஸ்கேன். மணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் வயிற்றின் மேலிருந்தே பார்ப்பது வழக்கம். அதற்காக நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பையின் ஊடாக ஒலி அலைகள் சென்று சினைப்பையின் உருவத்தைக் காட்டுகின்றன. விளிம்பை ஒட்டிக் கறுப்பு வட்டங்களாகத் தெரிபவை ஃபாலிக்கிள்கள். 2003-இல் ஒரு சினைப்பையில் பன்னிரண்டு இருந்தால் அதிகம் என்றார்கள். யந்திரங்கள் கூர்மையடைந்து முன்பு தெரியாத சிறு பைகளும் தெரியலானவுடன் நல்ல ஆரோக்கியமுள்ள இளம்பெண்கள் பலரும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டார்கள். ஆகவே இப்போது எல்லை இருபதாக உயர்த்தப்பட்டிருக்கிறது. வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது பைகளை எண்ணுவது அத்தனை துல்லியமாக அமையாததால், சினைப்பையின் பருமன் பத்து மில்லிலிட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையே முக்கியமாகக் கவனிக்கிறார்கள்.

சிறு ஃபாலிக்கிள்களின் உட்சுவர் சுரக்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் அளந்தால் அவற்றின் தொகையை ஏறத்தாழ அறியலாம் என்பதால், வளர்ந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக இதையும் கொள்ளலாமென்று 2023-ஆம் ஆண்டின் நெறி அனுமதிக்கிறது. ஆனால் அதே நெறி வற்புறுத்தும் இரண்டு விஷயங்களை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருப்பது நலம். ஒன்று, முதல் இரண்டு லட்சணங்களும் தெளிவாக இருக்கும் பெண்ணுக்கு நிர்ணயத்துக்காக ஸ்கேன் தேவையே இல்லை. மற்றொன்று, ருதுவாகி எட்டு ஆண்டுகள் முடியாத பெண்ணுக்கு ஸ்கேனையோ ஏ.எம்.எச். அளவையோ கொண்டு நிர்ணயம் செய்யலாகாது. இளம் சினைப்பைகளில் பல பைகள் இருப்பது இயற்கையே. அவளுக்கு முதல் இரண்டு லட்சணங்களும் சேர்ந்தே இருக்கவேண்டும். ஒன்று மாத்திரம் இருந்தால், இக்கோளாறு வரக்கூடியவள் என்று குறித்துக்கொண்டு, வேண்டிய சிகிச்சையை அளித்து, காலம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். பதினான்கு வயதுச் சிறுமியின் கையில் ஒரு ஸ்கேன் தாளை மட்டும் வைத்து ஆயுள் முழுதும் நிற்கும் பெயரொன்றைச் சூட்டிவிடுவது சாஸ்திரத்துக்கு ஒவ்வாத செயல்.

லட்சணங்கள் இரண்டு சேர்ந்துவிட்டதால் மாத்திரம் விசாரணை முடிந்துவிடுவதில்லை. அதே லட்சணங்களோடு வரக்கூடிய வேறு நோய்கள் இல்லையென்று விலக்கிய பிறகே இந்நிர்ணயம் செல்லுபடியாகும். விலக்கு நின்றிருந்தால் கர்ப்பமா என்பதை முதலில் பார்க்கவேண்டும். தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் துரிதமானாலும் விலக்கு குலையும், அதற்கு டி.எஸ்.எச். பரிசோதனை. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் உயர்ந்தாலும் விலக்கு நிற்கும்; மனக் கலக்கத்தாலும், வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் அது உயரக்கூடும் என்பதால் உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருப்பவர்களுக்கும் ரோமமும் பருவும் இதே விதமாகத் தோன்றும். காலையில் எடுக்கும் இரத்தத்தில் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை அளந்து அதைப் பிரித்தறிகிறார்கள். அளவுக்கு மீறி மெலிந்தோ பட்டினி கிடந்தோ கடும் பயிற்சி செய்தோ விலக்கு நின்றவர்களும், சினைப்பை அகாலத்தில் ஓய்ந்துவிட்டவர்களும் வேறு. சில மாதங்களுக்குள் குரல் தடித்து, ரோமம் வெகுவேகமாகப் பரவினால், ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி எங்கேனும் இருக்கிறதா என்று தாமதமின்றித் தேடவேண்டும்.

இவ்வளவையும் நோக்கும்போது ஓர் உண்மை விளங்கும். இந்த நிர்ணயத்தின் பெரும்பகுதி யந்திரங்களிடம் இல்லை. பெண்ணின் சொந்த வரலாற்றில் இருக்கிறது. தேதிகளை அவளன்றி வேறொருவர் அறியார். நீக்கிவிட்ட ரோமத்தை அவளன்றி வேறொருவர் கணக்கிட இயலாது. தாய்க்கும் தமக்கைக்கும் விலக்கு எப்படி இருந்தது, குடும்பத்தில் சர்க்கரை வியாதி உண்டா என்பவற்றை அவளே விசாரித்து வரவேண்டும். நெதர்லாந்தில் இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்தவர்கள் இக்கோளாற்றில் பாரம்பரியத்தின் பங்கு 70 சதவிகித அளவில் இருப்பதாகக் கணக்கிட்டிருப்பதால், அந்த விசாரணை வெறும் சம்பிரதாயம் அன்று. ‘கண்டதைத் தின்று குண்டாகிவிட்டாய், அதனால்தான்’ என்று அவளைக் கடிந்துகொள்வதும் உண்மைக்குப் புறம்பானது. மெலிந்த தேகமுள்ள பெண்களிடமும் இது காணப்படுகிறது. எடை கூடுவது இதைத் தீவிரமாக்கும் என்பதே சரி.

நிர்ணயம் பெறுவதால் ஆவதென்ன, இதற்குப் பூரண நிவாரணம் இல்லையே என்று சிலர் கேட்கலாம். இது உறுதியானால் உடனே செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு. எடை எவ்வளவாயினும் சர்க்கரையைச் சோதிக்கவேண்டும்; வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதே இதில் சிறந்தது; ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருப்பிச் செய்யவேண்டும். தெற்காசிய மக்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வந்துவிடுகிறபடியால் நமக்கு இது இரட்டிப்பு அவசியம். இரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்கவேண்டும். கருமுட்டை வெளிவராமல் மாதக்கணக்கில் விலக்கு நின்றிருந்தால், புரோஜெஸ்டிரோனின் கட்டுப்பாடின்றிக் கர்ப்பப்பையின் சவ்வு தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றுக்கு இடம் கொடுக்கக்கூடும். இளவயதில் அந்த அபாயம் சொற்பமே ஆயினும், மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராதபோது சும்மா இருந்துவிடக் கூடாது. உரிய மாத்திரையால் அதை எளிதில் தடுக்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் இப்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதால் அவற்றையும் கேட்டறியவேண்டும் என்று நெறிகள் கூறுகின்றன.

பிள்ளைப்பேறு பற்றிய அச்சம் இவற்றையெல்லாம் மிஞ்சி நிற்கிறது. கருமுட்டை வெளிவருவது தாமதப்படுகிறதே தவிர, முட்டைகள் இல்லாமல் போய்விடவில்லை. இவர்களில் பெரும்பாலோர் தாமாகவோ, லெட்ரசோல் போன்ற மாத்திரைகளின் உதவியாலோ தாய்மை அடைகிறார்கள். இதை அறியாத காரணத்தால் எத்தனையோ வீடுகளில் பெண்ணின் விலக்குக் கோளாறு வரன் பார்க்கும் வரையில் மறைக்கப்படுகிறது. ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலோடு மூடப்பட்டு, கல்யாணம் ஆகி ஓராண்டு கழிந்தபின் கவலையாகத் திறக்கப்படுகிறது. அவள் பதினெட்டு வயதில் வைத்தியரிடம் போகாமல் இருபத்தாறில் போவதால், இடையில் கழிந்த எட்டு ஆண்டுகளில் சர்க்கரையும் சவ்வும் மனமும் கவனிப்பாரற்றுக் கிடந்தன என்பதை ஒருவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. பெண்ணின் ஆரோக்கியம் பிறக்கப்போகும் பிள்ளைக்காக மாத்திரம் கருதத்தக்கதென்ற எண்ணமே இந்த அசிரத்தையின் மூலம்.

ஆகையால் இவ்வித ஐயமுள்ள பெண், தாயோடோ தோழியோடோ வைத்தியரிடம் போகும்போது, ஓராண்டின் விலக்குத் தேதிகளையும், ருதுவான ஆண்டையும், குடும்பத்தின் வியாதி விவரங்களையும், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் எழுதி எடுத்துச் செல்லட்டும். மூன்று லட்சணங்களில் எவை எவை எனக்கு இருக்கின்றன, வேறு நோய்களை விலக்கிப் பார்த்தீர்களா, சர்க்கரையை எப்போது சோதிக்கவேண்டும் என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கட்டும். விடைகள் தெளிவாக வராவிட்டால் மற்றொரு வைத்தியரின் அபிப்பிராயத்தை நாடுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. வைத்தியரும், நிறைந்த வெளிநோயாளர் கூட்டத்தின் நடுவிலும், படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைப் படிப்பாராக. படித்ததையும் முடிவு செய்ததையும் துணைக்கு வந்தவரிடம் சொல்வதோடு நில்லாமல் அவளிடமே எடுத்துரைப்பாராக. இந்நிர்ணயத்துக்கு வேண்டிய அறிவு இன்று எல்லா ஊர்களுக்கும் எட்டியிருக்கிறது. பெண் தன் சரீரத்தைப் பற்றிச் சொல்லும் சொல்லைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளும் மனம் ஒன்றே அதனுடன் சேரவேண்டும்.